ரப்பர் இல்லாத வகுப்பு

எங்கள் வகுப்பில் ரப்பர் கிடையாது. முதல் நாளே அதைச் சொல்லிவிடுவேன். பென்சில் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, இருக்கிற ரப்பர்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிப் போட்டுக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் திருப்பித் தருவேன். "இங்க தப்புன்னு ஒண்ணு கிடையாது. கோடு கோணலா வந்தா, அந்தக் கோணலை வெச்சுகிட்டு என்ன பண்ணலாம்னு யோசிங்க" என்பேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது நகரத்துக்குள் இருக்கும் ஒரு கலை மையத்தில். நாடகம், ஓவியம், பொம்மலாட்டம் என்று அங்கே எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். அரசுப் பள்ளிகளோடு கைகோத்துக்கொண்டு, பாடத்தைக் கலை வழியாகச் சொல்லித் தருவது மையத்தின் இன்னொரு வேலை. அதற்குப் 'படைப்புவழிக் கற்றல் கூட்டுத் திட்டம்' என்று மூச்சு முட்டுகிற பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதைப் 'படம் கிளாஸ்' ஆக்கிவிட்டார்கள். என்னைப் 'படம் மிஸ்' ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு விழுந்தது ஆவடிப் பக்கம் ஒரு பள்ளி. மையத்தில் மற்ற எல்லோரும் அடையாறு, மயிலாப்பூர் என்று இருக்கிறவர்கள். நான் ஒருத்திதான் திருநின்றவூரில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். "உனக்குப் பக்கம்தானே" என்று ஒரே வார்த்தையில் என் தலையில் கட்டினார்கள். எனக்கும் வருத்தமில்லை. மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால், சார்ட் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, யார் முழங்கையாவது விலாவில் இடிக்க, இருபது நிமிஷத்தில் பள்ளி வந்துவிடும்.

வேலையில் சேர்ந்ததும் எங்களுக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ரப்பர் கூடாது. மார்க் கூடாது. "அழகா இருக்கு" என்று சொல்லக் கூடாது, "இது என்ன, சொல்லேன்" என்றுதான் கேட்க வேண்டும். பிள்ளை வரைந்ததில் பெரியவர்கள் கைவைக்கவே கூடாது. எனக்கு இதெல்லாம் வேதவாக்கு. கும்பகோணம் பக்கம் நான் படித்த பள்ளியில் டிராயிங் மாஸ்டர் என் மாம்பழத்தை அழித்துவிட்டுத் தானே ஒரு மாம்பழம் போட்டு, அதற்குத் தானே பத்துக்கு ஏழு மார்க்கும் போட்டுக்கொண்டார். அந்த ஆத்திரம் முப்பது வருஷமாக எனக்குள் கிடந்திருக்கிறது. மையத்தில் அந்த விதிகளைக் கேட்டபோது, கடைசியில் என் கட்சி ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பள்ளியில் எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு பி பிரிவு. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பீரியட். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் இதே சுற்றுவட்டாரத்தில் கழனி வேலை செய்தவர்கள். அந்தக் கழனிகளில்தான் இப்போது என்னைப் போல எங்கிருந்தோ வந்தவர்களுக்கு அடுக்குமாடி கட்டி விற்கிறார்கள். இதை யோசித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் யோசிக்க மாட்டேன்.

சமூக அறிவியலில் வரைபடம் பற்றிய பாடம் வரும்போது 'என் வழி' என்று ஒரு பயிற்சி செய்வோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு நீ வருகிற வழியை வரைய வேண்டும். "போன்ல வர மேப் மாதிரி வேணாம். உன் கால் எங்க நிக்குது, மூக்கு எங்க திரும்புது, எந்த இடத்துல வேகமா நடக்கிற, அதெல்லாம் எனக்கு வேணும். பொய்யா ஒண்ணும் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். ஒரு பையன் வழி நெடுக நாய்களாகவே வரைந்து, ஒவ்வொரு நாய்க்கும் குணம் எழுதியிருந்தான். ஒருத்தி டெய்லர் கடைக் கண்ணாடியைப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாகப் போட்டு, "இங்க பொட்டு சரி பண்ணுவேன்" என்று எழுதினாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம் தாங்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தேன். இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். எதைக் கேட்டாலும் தலையாட்டலிலேயே பதில் சொல்கிற ரகம். வெள்ளானூர்ப் பக்கம் வீடு. ஆனால் பென்சிலைப் பிடித்தால் தாள் கிழிகிற மாதிரி அழுத்துவாள். மற்றவர்கள் வழியெல்லாம் ஏறக்குறைய நேராக வந்து பள்ளியில் முட்டியது. இவள் வழி லாரி எடைமேடை வரைக்கும் நேராக வந்து, அங்கே திடீரென்று இடது பக்கம் இறங்கி, ஏரிக்கரை ஓரமாகப் போய், வரிசை வீடுகளுக்குப் பின்னால் நுழைந்து, ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நின்றது. கதவுக்குள் ஒரு பெண் அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். அந்தப் பெண் அந்தத் தெருவைவிடப் பெரிதாக இருந்தாள். அங்கிருந்து வழி மறுபடி மேலேறி மெயின் ரோட்டுக்கு வந்து, ஓட்டமாகப் பள்ளிக்கு வந்தது. ஓட்டம் என்று எப்படித் தெரியும் என்றால், அந்த இடத்தில் கால்தடங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாள்.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு மேல் 'ஊடு' என்று எழுதியிருந்தது. நீலக் கதவுக்கு மேல் 'அம்மா' என்று எழுதியிருந்தது.

"இது என்ன, சொல்லேன்" என்று கேட்டேன், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி.

"எங்கம்மா மிஸ். தனியா கீறாங்க. காலைல அவங்க கையால ஒரு வாய் துன்னுட்டு வருவேன்." அதுவரை அவள் என்னோடு பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. பிறகு தாளைக் கையால் பாதி மூடிக்கொண்டு கேட்டாள்: "இத்த யாரு மிஸ் பாப்பாங்க?"

"நாம மட்டும்தான்" என்றேன்.

அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். அதற்குமேல் எந்தத் திட்டமும் அன்றைக்கு இல்லை. ஆனால் அவள் ஏன் கேட்டாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அப்பா அம்மா பிரிந்த வீடுகள் அந்த வகுப்பில் இன்னும் ஏழெட்டாவது இருக்கும், எனக்கு அது புதிதில்லை. அப்பாவுக்கு இது தெரியுமா என்ற ஒரு கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. எனக்கு அந்த வளைவு மட்டும்தான் கண்ணில் பட்டது. எவ்வளவு நல்ல வளைவு, எவ்வளவு பெரிய அம்மா என்று பூரித்துப்போய், போனில் படம் பிடித்து எங்கள் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். திட்டத்தை மையத்தில் நடத்துகிறவர் அவர்தான். பத்து நிமிஷத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. இதை எல்லாம் நான்கு சுவருக்குள் வைத்திருப்பது பாவம், பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுதியிருந்தார்.

இரண்டு வாரத்தில் அது 'பார்வை நாள்' ஆகிவிட்டது. தலைமை ஆசிரியை சனிக்கிழமை காலையில் ஹாலைத் தருவதாகச் சொன்னார். மையத்திலிருந்து ஆறு பேர் வருவதாக ஏற்பாடு. சும்மா சுவரில் ஒட்டினால் பெற்றோர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு டீ எங்கே என்று தேடிப் போய்விடுவார்கள் என்று, நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் தங்கள் பிள்ளையின் படத்துக்கு முன்னால் நின்று, சுட்டுவிரலை வைத்து அந்த வழியில் நடந்து போக வேண்டும். பிள்ளை பக்கத்தில் நின்று வழி சொல்ல வேண்டும். எல்லோரும் ஆகா என்றார்கள். இதை வேறு யார் தலையிலும் என்னால் போட முடியாது.

வகுப்பில் இதைச் சொன்னபோது கூச்சல் அடங்கவே நேரமானது. அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"எல்லாருதும் ஒட்டுவீங்களா மிஸ்?"

"எல்லாருதும். ஒருத்தரையும் விட மாட்டேன்" என்றேன், ஏதோ வரம் கொடுப்பது போல.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிய பிறகும் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். ரப்பர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னுடையதை எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எம் படத்த ஒரு நிமிசம் குடுங்க மிஸ். இந்த எடத்த மட்டும் அழிச்சிகினு குடுத்துடறேன்."

"எந்த இடத்தை?"

"அம்மா எடத்த."

நான் சிரித்தேன். இப்போது எழுதும்போதும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. படம் சரியாக வரவில்லை என்று வெட்கப்படுகிறாள், அம்மாவைப் பெரிதாகப் போட்டதற்குக் கூட்டாளிகள் கிண்டல் செய்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு பிரசங்கமே செய்தேன். தப்பு என்று ஒன்றுமில்லை, உன் கை போட்ட கோட்டை நீயே அவமானப்படுத்தக் கூடாது, மொத்த வகுப்பிலேயே இந்தப் படத்தில்தான் உண்மை இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "வேற ஒண்ணு வரைஞ்சி எடுத்துகினு வரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன்.

"சரி மிஸ். எங்கப்பா எப்டியும் வர மாட்டாரு. டூட்டி" என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள். 'நாம மட்டும்தான்' என்று நான் சொன்னது அப்போதாவது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரியவர்களுக்குச் சொல்லியிருந்தால் ஞாபகம் வைத்திருப்பேன்.

அவள் அப்பா வந்தார்.

எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். யாரையோ கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை. இரவு முழுக்க நின்று வேலை பார்த்த கண். வாசலிலேயே என்னிடம் வந்து, "எம் பொண்ணு படம் எதுங்க மிஸ்? தெரிஞ்ச பசங்கல்லாம் சூப்பரா கீதுன்னு சொல்லுச்சுங்க" என்றார். நானே அவரை முன்னால் நடத்திக் கூட்டிப்போனேன். நல்ல இடமாகப் பார்த்து, ஹாலுக்குள் நுழைந்ததும் எதிரே தெரிகிற மாதிரி அதை ஒட்டியிருந்தேன். அவள் படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விரல வெச்சு நடங்க சார்" என்றேன்.

அவருக்கு வெட்கம். சிரித்துக்கொண்டே விரலை வைத்தார். "இது எங்க ஊடு. தோ, மளிகைக்கடை. இது எடைமேடை, லாரி நிக்கும். அய்ய, கரெக்டா போட்டுகீது!" விரல் எடைமேடையைத் தாண்டியதும் நின்றது. "இங்க ஏன் திரும்புது? ஸ்கூலு நேராதானே கீது?"

அவள் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "அதுதான் சார் இந்தப் படத்துலயே விசேஷம். மேல போங்க."

அவர் போனார். ஏரிக்கரையைப் பிடித்து, வரிசை வீடுகளுக்குப் பின்னால் நுழைந்து, விரல் நீலக் கதவில் போய் நின்றது. அதற்குக் கீழே, படம் வரைந்த அன்றே அவள் கையெழுத்தில் எழுதி வாங்கிய ஒரு சின்ன அட்டையை ஒட்டியிருந்தோம். பிள்ளைகளின் சொந்த வார்த்தையை அப்படியே ஒட்டுவது எங்கள் வழக்கம். "அம்மா தோசை. தினம் ஒரு வாய்" என்று அதில் எழுதியிருந்தது. அவர் குனிந்து அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு விரலைத் தாளிலிருந்து எடுத்து, சுட்டுக்கொண்டவர் போல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் நாய்ப் படத்துக்கு எல்லோரும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ நாளா?" என்று மகளிடம் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஆறாவதுலேர்ந்து" என்றாள்.

தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து, "நல்லா கீது மிஸ். நல்லா வரைஞ்சிகீறா" என்றார். பிறகு யாரையும் இடிக்காமல், ஒதுங்கி ஒதுங்கி ஹாலை விட்டு வெளியே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தோளில் கைவைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. தலைமை ஆசிரியையிடம் ஓடினேன். நல்ல மனுஷி, ஆனால் எப்போதும் ஒரு கால் ஏதாவது மீட்டிங்கில் இருக்கும். அன்றைக்கு உட்காரச் சொன்னார்.

"அப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போயிட்டார் மேடம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்டா குடுத்துத்தானே ஆகணும்" என்றார். மீதியையும் அவர்தான் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பிரிந்தபோது கோர்ட், கேஸ் என்று ஒன்றும் போகவில்லை. இரண்டு பக்கத்திலும் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். பெண் அப்பாவிடம் இருக்கும், அம்மா அவளைப் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. ஏன் பிரிந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. "சென்னீர்குப்பம் பக்கத்துல அத்தை வீடு இருக்காம். அங்க தங்கிப் படிக்கப் போகுது. ஸ்கூல் பேர் கூட டி.சி. வாங்கும்போது சொன்னார்" என்று அந்தப் பள்ளியின் பெயரையும் சொன்னார்.

"நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா?"

"பேசுங்க. ஆனா என்னன்னு பேசுவீங்க?" என்று கேட்டார். குத்திக்காட்டுவதற்காக அல்ல, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் போனேன். வெள்ளானூரில் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு நடுவே, சிமென்ட் ஷீட் போட்ட ஒரு சின்ன வீடு. அவர் என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க மிஸ், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கதவைச் சாத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மூலையில் ஒரு பெரிய பை, அதன் மேல் மடித்த யூனிஃபார்ம். அவள் உள்ளேயிருந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி கீழே ஒரு தட்டும் வைத்துக் கொடுத்தாள்.

"தப்பு என்னுது சார். அவ அழிக்கிறேன்னுதான் கேட்டா. நான்தான் விடல" என்றேன்.

"உங்கள இன்னா சொல்றது மிஸ்" என்றார். "நான் அவள அடிக்கல. ஒரு வார்த்தை திட்டல. கேட்டுப் பாருங்க. அவ ஆத்தா போனப்ப இதுக்கு பத்து வயசு. சடை போடவே நான் கத்துகினேன் மிஸ். காலைல டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி சோறாக்கி வெச்சிட்டுப் போவேன். இவ துன்ன மாட்டா. பசிக்கலப்பா, பசிக்கலப்பான்னுவா. ஒடம்புக்கு இன்னாவோ ஏதோன்னு ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிகினு போயிகீறேன். ஏன் பசிக்கலன்னு உங்க சொவத்துல பாத்துதான் எனக்குத் தெரியுது."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளியை மாற்ற வேண்டாம், நடு வருஷம், படிப்பு கெடும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒருவழியாகச் சொன்னேன்.

"ஆறு மணிக்கு எனக்கு டூட்டி. இவ எந்த வழியா போறான்னு பின்னாடியே வந்துகினு இருக்க முடியுமா? எங்க அக்கா ஊட்ல இருந்தா அவங்க பாத்துப்பாங்க" என்றார். பிறகு குரல் மாறியது. "அந்த ஸ்கூலாண்டயும் அவ ஆத்தா வந்து நின்னாள்னா, அன்னியோட படிப்ப நிறுத்திட்டு ஊட்ல குந்த வெச்சிடுவேன். எனக்கு மட்டும் இவள அனுப்பிட்டு இந்த ஊட்ல தனியா குந்திகினு இருக்கணும்னு ஆசையா?" எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அந்த மனுஷர் மேல் கோபப்படுவதற்கு நான் எவ்வளவோ தயாராக வந்திருந்தேன். அது எதற்கும் உதவவில்லை.

அவள் டம்ளரை வாங்க வந்தாள். அப்பா இல்லாத அந்த அரை நிமிஷத்தில் குனிந்து, "எம் படம் எங்க மிஸ் கீது?" என்று கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல இருக்கும்மா."

"கிழிச்சிடறீங்களா?"

"சரி" என்றேன்.

அதைக்கூட நான் செய்யவில்லை. மையத்தில் அந்தப் படம் பிளாஸ்டிக் உறைக்குள் போய், எண் போட்டு, இழுப்பறைக்குள் வைத்தாகிவிட்டது. பொறுப்பாளரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கண் கலங்கினார், அது நடிப்பில்லை. ஆனால் கிழிப்பது பற்றிச் சொன்னதும், "ஒரு குழந்தையோட படைப்பை அழிக்கிற உரிமை நமக்கு யார் குடுத்தது?" என்றார். பிறகு யாருக்கும் காட்ட மாட்டோம் என்றார். நடந்ததை எழுதித் தரச் சொல்லி இரண்டு பக்கப் படிவம் கொடுத்தார். குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாமா என்று இரண்டு பேரும் யோசித்தோம். என்ன புகார் சொல்வது? அப்பா அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. பள்ளியை நிறுத்தவில்லை, மாற்றியிருக்கிறார். படிவத்தில் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாமல் ஒரு கோடு போட்டேன். ஒரு நாள் யாரும் இல்லாதபோது இழுப்பறையைத் திறந்து படத்தை வெளியே எடுத்தேன். கிழிக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். அடுப்பு முன்னால் அவ்வளவு பெரிதாகக் குந்தியிருந்த அம்மாவைப் பார்த்ததும் கை வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம்?

பிறகு பல வியாழக்கிழமைகள் போயின. வகுப்பு எடுத்தேன். எட்டாம் வகுப்பு பி பிரிவில் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள். யாராவது ரப்பர் கேட்டால் பேசாமல் கொடுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டு வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே ஒரு பெண் நின்றிருந்தார். எஸ்டேட் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவர்கள் போடுகிற சாம்பல் நிற மேல்சட்டை. பிள்ளைகள் எல்லோரும் போகிற வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் வந்தார். படத்தில் இருந்த அளவுக்கு அவர் பெரியவர் இல்லை. என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார்.

"நீங்கதானே படம் மிஸ்ஸு?"

"ஆமாங்க."

"நான் அவ அம்மா." எவள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "பசங்க சொல்லுச்சுங்க. சொவத்துல அவ படத்தப் பாத்துட்டு டி.சி. வாங்கிகினு போயிட்டாங்கன்னு. ரெண்டு மாசம் ஆவுது மிஸ். எந்த ஸ்கூலுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுதுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். பள்ளிப் பெயர் தெரியும், எந்தப் பேருந்தில் போனால் எங்கே இறங்க வேண்டும் என்றும் தெரியும். சொன்னால் அடுத்த நாள் காலையில் இவர் அங்கே போய் நிற்பார், எந்தத் தாயாக இருந்தாலும் நிற்பாள். யாராவது பார்ப்பார்கள். அப்பா சொன்னதைச் செய்வார், அவர் சொன்ன குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லாவிட்டால் இவர் இப்படியே ஒவ்வொரு பள்ளி வாசலாகப் போய் நிற்பார். படிப்பு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று அவளைக் கேட்காமல் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு முறை அவளுக்காக நான் முடிவு செய்து பார்த்தாகிவிட்டது.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சார்ட் சுருளைக் கை மாற்றினேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்று, ஏறுவோமா என்று பார்த்துவிட்டுப் போனது.

"நீங்க நெறைய ஸ்கூலுக்குப் போவீங்களாமே மிஸ்" என்றார் கடைசியில்.

"மையத்துல அனுப்பற ஸ்கூலுக்கெல்லாம் போவேன்."

"அப்ப என்னிக்காவது அவ கீற ஸ்கூலுக்கும் போவீங்க."

"போகலாங்க. சொல்ல முடியாது."

நான் பார்த்தால் அவளிடம் ஏதாவது சொல்லச் சொல்வார், சாப்பிட்டாளா என்று கேட்கச் சொல்வார் என்று நினைத்தேன். அதையாவது செய்துவிடலாம் என்று என் மனசு அவசரமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் மேல்சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். கோபமில்லை, அழுகையும் இல்லை. ஒரு ஆபீசில் விண்ணப்பம் கொடுக்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்.

"போனீங்கன்னா, அவள மட்டும் ஒண்ணும் வரையச் சொல்லாதீங்க மிஸ்."